இரண்டு அடுப்பும் ஆறு பெண்களும்

1935 மார்ச் 5, செவ்வாய்

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். இன்று சர்க்காரின் வெள்ளைக்கார டாக்டரம்மா எங்கள் பிரசவ ஆஸ்பத்திரியைச் சோதிக்க வந்து வகுப்பறைக் கதவைத் திறந்தபோது, நான் உள்ளே தரையில் கால் நீட்டி உட்கார்ந்து ஒரு பஞ்சுப் பொம்மைக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன்.

பொம்மை நான் தைத்ததுதான். பெண்களுக்கு மருத்துவச்சி வேலை சொல்லிக்கொடுக்க இங்கே ஒரு வகுப்பு ஆரம்பிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியை நடத்தும் நர்ஸம்மா மிஸ்ஸி குணபூசணிக்கு ரொம்ப நாள் ஆசை. அதற்குச் சர்க்கார் அனுமதி வேண்டும். அனுமதி வேண்டுமென்றால் கட்டில் இத்தனை, ஜன்னல் இத்தனை, தூக்கவும் துணி சுற்றவும் பழக ஒரு பிள்ளைப் பொம்மை என்று ஆயிரம் இருக்கிறது. நான் இங்கே சமையல்காரி. ஆனாலும் பொம்மை தைக்க ஆள் வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தையல் பிரிகிறதா என்று பார்க்கத்தான் காலில் போட்டு ஆட்டினேன். காலில் போட்டு ஆட்டினால் வாய் சும்மா இருக்குமா? பாட்டு தானாக வந்துவிட்டது.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. பொம்மையின் கன்னத்தில் கண்மையால் பெரிய திருஷ்டிப் பொட்டு! எப்போது வைத்தேன் என்று எனக்கே தெரியாது. கண்ணும் மூக்கும் வரைந்த கை, அப்படியே பொட்டையும் வைத்துவிட்டது. டாக்டரம்மா குனிந்து பார்த்து, இது என்ன வியாதி என்று மலாயில் கேட்டார்.

"வியாதி இல்ல மெம். யாரும் கண்ணு வைக்காம இருக்க" என்று எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் சொன்னேன்.

பின்னால் நின்ற மிஸ்ஸி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். டாக்டரம்மா சிரித்தார். அப்பாடா, சிரித்துவிட்டார், இனிப் பாஸ்தான் என்று நினைத்தேன்.

அப்புறம் சமையலறைக்கு வந்தார். திரையை விலக்கினார்.

"கெனாப்பா டுவா டாப்போர்?"

ஏன் இரண்டு அடுப்பு என்று கேட்கிறார். ஒன்று களைத்துப்போனால் மற்றது வேலை செய்யும் மெம் என்றேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

மார்ச் 6, புதன்

இரண்டு அடுப்புக் கதையை எழுதி வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் எந்தப் பொய்யை யாருக்குச் சொன்னோம் என்று எனக்கே மறந்துவிடும்.

வகுப்பில் சேர ஆறு பெண்கள் வந்துவிட்டார்கள். அனுமதி வரட்டும் என்று காத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பின்கட்டில் தங்கிச் சின்னச் சின்ன வேலை பழகுகிறார்கள். ஒருத்தி மீனலோசனி. அவள் அப்பா கார்த்திகேசு ஐயா, ரிட்டயரான ஸ்டேஷன் மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் ஆஸ்பத்திரிக் கமிட்டிக்குச் செக்கரட்டரி. நல்ல மனிதர். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ரயில் டிக்கெட்டு வாங்கிக் கொடுத்து அனுப்புவார். ஆனால் சாதி பார்ப்பவர். தோட்டத்து ஆட்கள் வழியில் வந்த நான் சமைத்ததை அவர் மகள் சாப்பிடக் கூடாது என்று சொல்லிப் பொங்கலுக்கு முன்னால் இரண்டாவது அடுப்பைக் கட்டினார். நடுவே ஒரு திரை. "என்ர பிள்ளைக்கு மிஸ்ஸி தன்ர கையால சமைக்கட்டும்" என்றார். மிஸ்ஸி அவர் ஊர்க்காரர். மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? தலையாட்டிவிட்டார்.

மிஸ்ஸிக்குப் பிரசவம் பார்க்கத் தெரியும். வயிற்றில் குறுக்கே கிடக்கும் பிள்ளையைத் திருப்பி எடுக்கத் தெரியும். சோறு வடிக்கத் தெரியாது.

ஆகவே முதல் அடுப்பில் நான் சமைக்கிறேன். பிறகு திரையைத் தாண்டிப் போய் இரண்டாவது அடுப்பிலும் நானே சமைக்கிறேன். அந்தச் சமையலுக்குப் பேர் மிஸ்ஸி சமையல். வெள்ளிக்கிழமை தோறும் கமிட்டி முடிந்ததும் கார்த்திகேசு ஐயா அதைத்தான் சாப்பிடுகிறார். இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி. "எங்கட ஊர் வாசம் குணபூசணி!" என்பார். மிஸ்ஸி தரையைப் பார்ப்பார். நான் திரைக்குப் பின்னால் முந்தானையைக் கடித்துக்கொள்வேன்.

மார்ச் 9, சனி

சீதாலெட்சுமி கேட்டாள், "சின்னம்மா, டாக்டரம்மா என்ன எழுதியிருப்பாங்க?"

என் அக்கா மகள். கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்தவள். வகுப்பு ஆரம்பமாகிவிட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தகரப் பெட்டியோடு சம்பான் படகில் ஏறி, பஸ் ஏறி, ரயில் ஏறி பிரிக்பீல்ட்சுக்கு வந்து நின்றாள். போன வருஷம் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பக்கத்து வீட்டுப் பிரசவத்துக்கு விளக்குப் பிடித்தவள் இவள்தான். பிள்ளை பிழைத்தது. தாய் பிழைக்கவில்லை. அன்றைக்கு என்ன செய்திருக்கலாம் என்று இன்னும் மிஸ்ஸியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மிஸ்ஸியும் சலிக்காமல் சொல்கிறார்.

அவள் அப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார்: சித்திரை பிறப்பதற்குள் சர்க்கார் காகிதம் வராவிட்டால் திரும்பி வந்து பால்மரம் வெட்டி ரப்பர் எடுக்க வேண்டியதுதான்.

"பொம்மை ரொம்ப அழகா இருந்துச்சுன்னு எழுதியிருப்பாங்க லா" என்றேன். சிரித்தாள். அது போதும் இன்றைக்கு.

மார்ச் 15, வெள்ளி

காகிதம் வந்தது. கார்த்திகேசு ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இங்கிலீசில் படித்து, எங்களுக்குத் தமிழில் சொன்னார். கட்டில் சரி. தண்ணீர் சரி. வகுப்பறை சரி. பொம்மையும் சரி! (நான் மிஸ்ஸியைப் பார்த்தேன். மிஸ்ஸி என்னைப் பார்க்கவில்லை.) ஒன்றுதான் குறை. பெண்கள் எல்லோரும் ஒரே இடத்தில் தங்கி, ஒரே சமையலில் சாப்பிட வேண்டும். வகுப்புக்குள் தனி அடுப்பு, தனிப் பந்தி என்றால் அனுமதி கிடையாது. ஆறு பேருக்குக் குறைந்தாலும் கிடையாது. ஏப்ரலில் மறுபடி வந்து பார்ப்பார்களாம்.

ஐயா காகிதத்தை நாலாக மடித்தார்.

"அப்ப என்ர பிள்ளை வராது."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு போய்க் கை கழுவிக்கொண்டு இடியப்பத்துக்கு உட்கார்ந்தார். சொதி இரண்டு தடவை கேட்டு வாங்கினார்.

மார்ச் 16, சனி

ஆறில் ஒன்று போனால் ஐந்து. ஐந்து என்றால் வகுப்பு இல்லை.

மார்ச் 19, செவ்வாய்

வேறொரு பெண்ணைப் பிடிக்கலாம் என்று செந்தூலுக்குப் போனேன். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் வேண்டும். தெரிந்தாலும் பிரசவ வேலைக்கு அனுப்பும் வீடு வேண்டும். ஒரு வீட்டில் காப்பி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் அதுவும் கொடுக்கவில்லை. வெயிலில் திரும்பி வந்தேன்.

எங்கள் வீட்டுக்காரர் கேட்டார்: "ஏன், நீயே சேந்துக்கயேன்?"

"எனக்கு நாப்பத்தஞ்சு வயசாவுது."

"பொம்மைக்குத் தாலாட்டுற வயசுதானே?"

இவரிடம் அதைச் சொன்னது என் தப்பு.

மார்ச் 22, வெள்ளி

சொல்லிவிடலாமா? வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஐயா இலைக்கு முன்னால் உட்கார்ந்து, தனி அடுப்பு ஏன் அவசியம் என்று கமிட்டிக்காரர் ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார். விளக்கிக்கொண்டே நான் பிழிந்த இடியப்பத்தை நான் காய்ச்சிய சொதியில் ஊற வைக்கிறார்! ஒரு வார்த்தை போதும். ஐயா, நீங்க சாப்புடுறதே என் கைச் சோறுதான். அவ்வளவுதான்.

திரையை விலக்கக் கையை நீட்டினேன். மிஸ்ஸி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லிப் போடாதை மாரியாயி. அவர் கோவத்தில கமிட்டியை விட்டே போயிடுவார். என்ர மானமும் போகும்."

"மானம் போனா சோறு வடிக்கக் கத்துக்கலாம் மிஸ்ஸி."

"பகிடி விடாதை."

அவர் கண் கலங்கியிருந்தது. எத்தனை பிரசவம் பார்த்த கண்! நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்குத் தெரியும்?

பிறகு மீனலோசனி வந்தாள். வழக்கம்போல முதல் அடுப்புப் பானையின் அடியைச் சுரண்டித் தின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். "அப்பா என்ர பெட்டியைக் கட்டச் சொல்லிப்போட்டார், மாரியாயி அக்கா" என்றாள். கட்டினாயா என்று கேட்டேன். கட்டவில்லை என்றாள். கெட்டிக்காரி.

மார்ச் 29, வெள்ளி

இன்று நான் வேலை நிறுத்தம் செய்தேன்.

முதல் அடுப்பில் எல்லோருக்கும் சமைத்து இறக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மிஸ்ஸி திரைக்கு அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார்.

"என்ன மாரியாயி, அவருக்குச் சொதி வைக்கேல்லையே?"

"எப்படி மிஸ்ஸி? ஒரே அடுப்புதான்னு சர்க்கார் காகிதம் போட்டுட்டாங்க. ரெண்டாவது அடுப்பைத் தொட்டா என்னைப் புடிச்சு உள்ள வச்சுடுவாங்க லா."

"விளையாடுறியே?"

"ஐயா என்ன சொன்னாரு? மிஸ்ஸி தன் கையால சமைக்கணும்னுதானே சொன்னாரு? சமைங்க."

சமைத்தார், பாவம். ரத்தத்தைக் கண்டு ஒரு நாளும் நடுங்காத மனுஷி, தேங்காய்ப்பாலைக் கண்டு நடுங்கினார். பாலைக் கொதிக்கக் கொதிக்க விட்டார். அதிலேயே புளிப்பும் பிழிந்தார். திரைந்து, மேலே தண்ணீர் தனி, கீழே சக்கை தனி. இடியப்பம் என்று ஒன்றைப் பிழிந்தார். அது புட்டுப்போல உதிர்ந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆச்சரியம்தான், ஆனால் வரவில்லை.

கார்த்திகேசு ஐயா சாப்பிட்டார். முழுவதும் சாப்பிட்டார். ஊர் வாசம் என்று ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவினார். பிறகு ஒரு நாளும் வராதவர், திரையைத் தாண்டிச் சமையலறைக்குள் வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"மாரியாயி, உனக்குச் சுகமில்லையோ?"

"நல்லாத்தான் இருக்கேன் ஐயா. ஏன்?"

"இல்லை... இண்டைக்குச் சொதி உன்ர கையில்லை."

கையிலிருந்த அகப்பை கீழே விழுந்துவிட்டது.

"ஐயாவுக்கு... எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் வெள்ளியில இருந்து. குணபூசணியும் நானும் ஒரே ஊர். சின்னனில இருந்து தெரியும். அவவுக்குச் சுடுதண்ணி வைக்கவும் தெரியாது."

அடப்பாவி மனுஷா! இத்தனை மாதம் நான் முந்தானையைக் கடித்தது எதற்கு?

"அப்புறம் எதுக்கு ஐயா இந்தத் திரை?"

அவர் சுவரைப் பார்த்தார். "நாளைக்குப் பிள்ளைக்குக் கலியாணம் பேசேக்க கேப்பினம், ஆற்ற சமையல் சாப்பிட்டது எண்டு. மிஸ்ஸி சமைச்சது எண்டு சொல்ல ஒரு திரை வேணும். உனக்கு விளங்காது."

அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. விளங்காதாமே.

"எல்லாம் விளங்குது ஐயா. திரைக்கு இந்தப் பக்கம் நான் சமைக்கிறேன். அந்தப் பக்கம் நீங்க சாப்புடுறீங்க. நடுவுல இந்தத் திரை என்ன சமைச்சுச்சு? ஒண்ணும் இல்ல. இது தொங்குறதுக்காக எங்க சீதா மரம் வெட்டப் போவணும். உங்க மக பெட்டியைக் கட்டணும். மத்த நாலும் வீட்டுக்குப் போவணும். அடுத்த தடவை ஏதோ ஒரு லயத்துல ஒரு பொம்பள சாவுறப்ப, பக்கத்துல நின்னு விளக்குதான் புடிக்கணும். அப்ப யாரும் வந்து கேக்க மாட்டாங்க, ஆற்ற சமையல்னு!"

கடைசியில் 'யாருடைய' என்பதை 'ஆற்ற' என்று அவர் பேச்சைப்போலவே பேசிக் காட்டிவிட்டேன். கேலி செய்ய அல்ல. வாய் பழக்கம். ஐயோ.

அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 30, சனி

வேலை போய்விடும் என்று நினைக்கிறேன். போகட்டும் என்றும் நினைக்கிறேன். போகக் கூடாது என்றும் நினைக்கிறேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

கமிட்டி கூடியது. கார்த்திகேசு ஐயா வரவில்லை. இரண்டாவது அடுப்பு பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்து கிடக்கிறது. நானும் மிஸ்ஸியும் பேசிக்கொள்ளவில்லை. மத்தியானம் அவர் வந்து, உப்பு எவ்வளவு போடுவது என்று கேட்டார். அது சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

நாளைக்கு டாக்டரம்மா வருகிறார். மீனலோசனியின் பெட்டி இன்னும் கட்டிலடியில்தான் இருக்கிறது. யாரும் வந்து எடுக்கவில்லை. கேட்கவும் பயம். கேட்டால் ஞாபகம் வந்து எடுத்துப்போவார்களோ?

ஏப்ரல் 10, புதன்

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

டாக்டரம்மா சாப்பாட்டு நேரத்தில் வந்தார். வேண்டுமென்றேதான் வந்திருப்பார். ஐந்து பெண்களும் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மீனலோசனி திரைக்குப் பக்கத்தில் நின்றாள். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. மிஸ்ஸியின் உதடு காய்ந்துபோயிருந்தது. சீதா இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வாசலில் கார்த்திகேசு ஐயா. வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை, குடை. ஸ்டேஷனில் நிற்பதுபோல நின்று எல்லோரையும் பார்த்தார். டாக்டரம்மாவுக்கு இங்கிலீசில் வணக்கம் சொன்னார். பிறகு நேராகத் திரையிடம் போனார். கம்பியோடு கழற்றினார். கம்பியை மூலையில் சாத்திவிட்டு, துணியை, ரயில் போன பிறகு கொடியைச் சுருட்டுவார்களே, அப்படி அழகாகச் சுருட்டி மிஸ்ஸியின் கையில் கொடுத்தார்.

"பிள்ளை, வந்து இரு" என்றார் மகளிடம். அவள் சீதாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததா, விழுந்ததா தெரியவில்லை, அவ்வளவு வேகம்.

ஐயா செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, கோட்டோடு பாயின் கடைசியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"மாரியாயி. எனக்கும் போடு."

எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கொல்லைப்புற வேலிக்கு அப்பால் அவருடைய சொந்தக்காரர் வீடு. அங்கேயும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

போட்டேன். சோறு பாதி இலையில், பாதி பாயில்.

டாக்டரம்மா இரண்டாவது அடுப்பைக் காட்டி என்னவோ கேட்டார். ஐயா சாப்பிட்டுக்கொண்டே பதில் சொன்னார். அப்புறம் மிஸ்ஸி எனக்குச் சொன்னார்: அது இடிக்கப்போகிற பழைய அடுப்பாம். பழைய அடுப்பு! பொங்கலுக்குக் கட்டியது! ஸ்டேஷன் மாஸ்டர் பொய் சொன்னால் நம்பாதவர் யார்?

டாக்டரம்மாவும் ஒரு கரண்டி சொதி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பச்சைமிளகாய் கடிபட்டு முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு "செடாப்" என்றார். ருசியாக இருக்கிறதாம். நல்ல மனசு.

போகும்போது ஐயா என்னிடம் நின்றார். "அண்டைக்கு நீ என்னைப்போலக் கதைச்சுக் காட்டினாய்."

"மன்னிச்சுக்குங்க ஐயா. வாய் பழக்கம்."

"பிழையாய்க் கதைக்கிறாய். ஆற்ற எண்டு சொல்லேக்க இன்னும் கொஞ்சம் இழுக்க வேணும்" என்றார்.

சிரிக்காமல்தான் சொன்னார். அவர் தெருமுனை திரும்பும் வரை நான் சிரிப்பை அடக்கினேன். அதற்கப்புறம் முடியவில்லை. சிரித்து, சிரித்து, கடைசியில் பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை பிறந்துவிட்டது. காகிதம் பிறக்கவில்லை. சீதாவின் அப்பா தோட்டத்திலிருந்து வந்து இறங்கிவிட்டார்.

"சொன்ன நாளு வந்துடுச்சு மாரியாயி. புள்ளைய அனுப்பு."

பாயசம் ஊற்றினேன். வடை வைத்தேன். மறுபடி பாயசம் ஊற்றினேன். "மச்சான், சர்க்கார் காகிதம் வழியில வந்துக்கிட்டு இருக்கு. இப்ப புள்ளைய கூட்டிக்கிட்டுப் போனா நீங்க ஒரு பக்கம் போவீங்க, காகிதம் ஒரு பக்கம் வரும்" என்றேன். யோசித்தார். வயிறு நிறைந்த மனிதரால் ரொம்ப யோசிக்க முடியாது. மாதக் கடைசி வரை பார்க்கிறேன் என்று போனார்.

ஏப்ரல் 22, திங்கள்

தபால்காரர் எங்கள் வாசலை விட்டுச் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். நான் முறைக்கிறேனாம்.

ஏப்ரல் 30, செவ்வாய்

வந்துவிட்டது! வந்துவிட்டது! வந்துவிட்டது!

மிஸ்ஸி படித்தார். முதல் வரியோடு நிறுத்திக் காகிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மீதியை மீனலோசனி வாங்கிப் படித்தாள். அனுமதி. வகுப்பு மே மாதம் ஆரம்பிக்கலாம். இங்கே படித்துத் தேறினால் சர்க்கார் சர்ட்டிபிகேட். எங்கே வேண்டுமானாலும் பிரசவம் பார்க்கலாம், எந்தத் தோட்டத்திலும், எந்த லயத்திலும்.

சீதா எழுந்து போனாள். எங்கே என்று பார்த்தால், தகரப் பெட்டியைத் திறந்து, இத்தனை நாள் மடித்தபடியே வைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருக்கிறாள். நானும் போய் இரண்டு போட்டேன். நெஞ்சில் கிடந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

மே 13, திங்கள்

இன்று வகுப்பு தொடங்கியது. ஆறு பெண்களும் வெள்ளைச் சேலை. கார்த்திகேசு ஐயா ஐந்து நிமிஷம் பேசுகிறேன் என்று சொல்லி அதற்கு மேலும் பேசினார். நன்றாகத்தான் பேசினார்.

அவர் போனதும், ஐயா டாக்டரம்மாவிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று இரண்டாவது அடுப்பை இடிக்க எங்கள் வீட்டுக்காரர் கடப்பாரையோடு வந்தார். மெதுவாக என்றேன். மெதுவாகத்தான் என்றார். அடுப்பு வந்தது. அதோடு சுவரும் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வகுப்பறை. ஆறு பெண்களும் மிஸ்ஸியும் எங்களைப் பார்த்தார்கள். நாங்களும் பார்த்தோம்.

மிஸ்ஸி தலையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். கை கழுவுவது எப்படி என்பது முதல் பாடம். நகத்திலிருந்து முழங்கை வரை கழுவ வேண்டும். நான் பாடம் முடியும் வரை நின்று கேட்டேன். சோறு அடிபிடித்துவிட்டது.